பானட்டை மூடி எடுத்த நம்பர்

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் மச்சான் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும். திங்கட்கிழமைக்குள் தள்ளினால் நல்லது. மனுஷன் தள்ள மாட்டேன் என்கிறார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எஸ்.யூ.வி. வண்டிகளின் இன்ஜினுக்குக் கூடுதல் காற்று கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். கம்பெனிக்காரன் பொருத்தி அனுப்பிய ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பளபளவென்று வேறொன்றை மாட்டுவது அவர் தொழில். பெரிய வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் வண்டி சரியாக மூச்சு விடவில்லையோ என்று ஒரு சந்தேகம் உண்டு. மச்சான் அந்தச் சந்தேகத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவார்.

கடை கீழே, வீடு மேலே. வீட்டிலிருந்து இறங்கும் படிக்கட்டு நேராகக் கடைக்குள்தான் வந்து முடிகிறது. வேறு வழி கிடையாது. கடையின் ஷட்டரை ராத்திரி எட்டு மணிக்கு மச்சான் இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பு பெல்ட்டில் கோத்துக்கொள்வார். அதற்குப் பிறகு வெளியே போக வேண்டுமென்றால் அவரைக் கேட்க வேண்டும். கேட்டால் கோபிக்கவே மாட்டார். "இதுக்கா மாப்பிள்ளை தயங்குறீங்க? இருங்க, நானும் வர்றேன், துணைக்கு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவார். நானும் என் மனைவியும் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் தனியாக ஒரு நடை போனதில்லை.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. இதைச் சொல்ல முன்பெல்லாம் கூச்சமாக இருக்கும், இப்போது கூச்சமும் தேய்ந்துவிட்டது. வெளியூரில் ஒரு வாகனப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நான்கு மணி நேரப் பயணம். அங்கே சின்னதாக ஒரு வீடும் பார்த்து வைத்தாயிற்று. திங்கட்கிழமை, ஒன்றாம் தேதி, காலை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். வேலைக் கடிதத்தைக் கடையின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும் கம்பெனி ஃபில்டர் அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். எங்கள் கடையில் அந்தச் சாதாரண ஃபில்டரை எவரும் வாங்குவதில்லை. அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவியிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அண்ணன் போகச் சொன்னா அந்த நிமிஷமே பெட்டியோட இறங்கி வர்றேன். நாமளா கிளம்பிப் போக மட்டும் என்னால முடியாதுங்க. எனக்கு ஒம்பது வயசுல அம்மா அப்பா ரெண்டு பேரும் போயாச்சு. வண்டி கழுவிட்டு வந்த கையோட எனக்கு ஜடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினவர் அவர். என் தலையெல்லாம் கிரீஸ் வாசனை அடிக்கும். அவரை எட்டி உதைச்சிட்டுப் போன மாதிரி ஆயிடும்."

சரி, துரத்திவிட வைப்போம் என்று கிளம்பினேன். அது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மூன்று நாள் வேண்டுமென்றே பத்து மணிக்கு எழுந்து வந்தேன். மூன்றாம் நாள் கடை வாசலில் ஓர் அட்டை தொங்கியது: 'மாப்பிள்ளை தூங்குகிறார், ஆக்சிலேட்டர் மிதிக்காதீர்கள்.' இன்ஜினுக்குள் காற்றை இழுக்கும் புது இன்டேக் குழாய் ஒன்றைக் கைதவறியது போலக் கீழே போட்டேன். ஓடி வந்தவர் குழாயைப் பார்க்கவில்லை, "கால்ல விழலையே?" என்று என் காலைப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் பொறுமை கெட்டு, வாடிக்கையாளர்கள் முன்னால் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். "பாத்தீங்களா, சொந்தம்னா இப்படித்தான் உரிமையா பேசணும்" என்று என் தோளில் தட்டி எல்லோருக்கும் டீ சொன்னார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் மச்சானுக்கு ஒன்றில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. அது நம்பர்.

கடையின் நடுவில் தரையோடு தரையாக இரும்பு உருளைகள் பதித்த மேடை ஒன்று இருக்கிறது. வண்டியின் சக்கரங்களை அதன்மேல் நிறுத்தி, பட்டைகளால் இறுக்கிக் கட்டி, இருந்த இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். சக்கரம் உருளையைச் சுற்றும், இன்ஜினுக்கு எத்தனை குதிரை சக்தி என்று திரையில் நம்பர் வரும். திரை என் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால் நம்பரை உரக்கக் கத்துவது என் வேலை. ஃபிட்டர் அதைக் கரும்பலகையில் எழுதுவார். ஃபிட்டரை நாங்கள் டைட் அண்ணன் என்போம், எந்த நட்டையும் தேவைக்கு மேல் ஒரு சுற்று இறுக்கித்தான் விடுவார். என் குரல் தெருமுனை வரை கேட்கும். இந்தத் தெருவில் என் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, எல்லோருக்கும் நான் 'நம்பர் மாப்பிள்ளை'.

ஆறு வருஷத்தில் ஒரு நம்பரைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. திரையில் என்ன வந்ததோ அதுதான் என் வாயில் வரும். என்னிடம் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொய் நம்பரில் இல்லை, பானட்டில், அதாவது இன்ஜினை மூடும் முன்பக்க மூடியில் இருந்தது. வண்டி வந்ததும் பானட் மூடியபடியே ஒரு ஓட்டம் ஓட்டி நம்பர் எடுப்போம். பிறகு பானட்டைத் திறந்து, பழைய பெட்டியைக் கழற்றி, கூம்பு மாதிரி இருக்கும் திறந்த ஃபில்டரை மாட்டுவோம். மாட்டிய கையோடு, பானட் திறந்தபடியே இரண்டாவது ஓட்டம். முன்னால் கதவளவு விசிறி ஒன்று சில்லென்று ஊதிக்கொண்டிருக்கும். குளிர்ந்த காற்று குடித்தால் எந்த இன்ஜினும் துள்ளும், நம்பர் ஏறும். வாடிக்கையாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போவார். சாலையில் பானட்டை மூடி ஓட்டும்போது அதே கூம்பு இன்ஜினின் சொந்தச் சூட்டையே உறிஞ்சும். சத்தம்தான் கூடுமே தவிர சக்தி குறையும். சத்தம் கூடினால் சக்தி கூடியதாக நம்புவதற்கு ஆட்கள் இருக்கும்வரை கவலை இல்லை.

மச்சான் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆரம்பத்தில் மூடச் சோம்பேறித்தனம், பிறகு நம்பர் நன்றாக வருகிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். கடையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. முதல் வருஷம் நான் ஒருமுறை வாயைத் திறந்தேன். "நம்பர் பொய்யா மாப்பிள்ளை?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். "அப்புறம் என்ன?" என்று போய்விட்டார். அப்புறம் என்ன என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை, தெரிந்தாலும் அவர் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் மனைவியிடம் சொன்னேன்: "இன்னைக்குப் பெட்டிய கட்டு. வர்ற முதல் கஸ்டமர் முன்னாடி பானட் விஷயத்தைப் போட்டு உடைக்கப் போறேன். இதுக்கும் அவர் துரத்தலைன்னா அவர் மனுஷனே இல்ல."

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

வந்த முதல் வண்டி ஒரு கால்நடை டாக்டருடையது. ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு தடித்த நோட்டு. பெட்ரோல் எஸ்.யூ.வி., பின்பக்கம் முழுக்க வைக்கோல் தூசி.

"மலைப் பண்ணைக்கு ஏறற கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல வண்டி இழுக்க மாட்டேங்குது" என்றார். "போன மாசம் ஒரு பசு கன்னு போட முடியாமத் தவிச்சது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டும் போச்சு. பத்து நிமிஷம் முன்னாடி போயிருந்தா ஒண்ணையாவது காப்பாத்தியிருப்பேன். எனக்கு அழகெல்லாம் வேணாம். மலை ஏறணும், அவ்வளவுதான்."

மச்சான் மேசைத் துணியை விலக்கினார். திறந்த கூம்பு ஒன்று, சிவப்பாக மின்னியது. அதன் பக்கத்தில் மூடிய பெட்டிக்குள் வைத்த இன்னொன்று, வண்டி முகப்பின் கிரில்லுக்குப் பின்னாலிருந்து காற்றெடுக்கும் குழாயோடு. கூம்பைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கினார்.

"இதுதான் டாக்டர். தடையே இல்லாத காத்து. மாட்டிட்டுப் பாருங்க, பறக்கும்."

டாக்டர் மேல்தட்டைக் காட்டினார். "அங்க இருக்கற அட்டைப்பெட்டியெல்லாம் என்ன?"

இரண்டாவது பெட்டிக்குள்தான் என் கடிதம்.

"அது சும்மா, கம்பெனி ஃபில்டர். அதப் போட நீங்க எங்ககிட்ட வரணுமா?" என்று மச்சான் சிரித்தார். பெஞ்சில் காத்திருந்த மூன்று வாடிக்கையாளர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் தாடிக்காரர். போன மாதம் எங்களிடம் கூம்பு மாட்டியவர், இப்போது ஹாரன் மாற்ற வந்திருந்தார்.

முதல் ஓட்டம், பானட் மூடியபடி. "நூத்தி இருபத்தாறு!" என்று கத்தினேன். டைட் அண்ணன் பலகையில் எழுதினார், டாக்டரும் நோட்டில் எழுதிக்கொண்டார். கூம்பை மாட்டினோம், விசிறி ஊதியது, இரண்டாவது ஓட்டம். "நூத்தி முப்பத்தஞ்சு!"

மச்சான் கை தட்டினார். பெஞ்சும் தட்டியது. டாக்டர் மட்டும் நோட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்: "ரெண்டு ஓட்டத்துக்கும் நடுவுல, ஃபில்டரத் தவிர வேற என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணுமே மாத்தலையே டாக்டர்."

"பண்ணைக்காரங்க சொல்ற எடைய நம்பி மருந்து போட்டா மாடு செத்துடும். அதனால நான் எல்லாத்தையும் ரெண்டு தடவ கேக்கறது வழக்கம்" என்றவர், நம்பர் சொன்னவன் நான் என்பதால் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

இதற்காகத்தானே காலையிலிருந்து காத்திருந்தேன், ஆனாலும் முதலில் மச்சானின் முகத்தைத்தான் பார்த்தேன். மேலே எங்கள் அறைத் தரையில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"பானட் டாக்டர். முதல்ல மூடியிருந்தது. இப்பத் திறந்திருக்கு."

டாக்டர் நோட்டை மூடினார்.

"நான் என்ன, பானட்டத் தூக்கி வச்சுக்கிட்டா மலை ஏறப் போறேன்? மூடுங்க. சூடு ஏறட்டும். பத்து நிமிஷம் கழிச்சு ஓட்டுங்க."

பத்து நிமிஷம் இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. மச்சான் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுத்தமான கைகள். பிறகு ஓட்டினேன். சத்தம் என்னவோ காதைக் கிழித்தது. திரையைப் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே உரக்கக் கத்திய நம்பர் அதுதான்.

"நூத்திப் பத்தொம்பது!"

டைட் அண்ணன் சாக்பீஸைத் தூக்கியவர் எழுதவில்லை. தாடிக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். "அப்ப போன மாசம் என் வண்டிக்குப் போட்டது? நான் ஏழு குதிரைய இறக்கிட்டா இவ்வளவு நாளா ஓட்டிட்டிருக்கேன்?"

மச்சான் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். கழுத்தைத் தயாராக வைத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

"ஏன் மாப்பிள்ளை இப்படி? என்கிட்டத் தனியா சொல்லியிருந்தா நானே மூடியிருப்பேனே. நாலு பேர் முன்னாடி..." என்றார். அழுகையைக் கோபமாக மாற்றப் பார்த்தார். மாறியது. "நீங்க இனிமே இந்தக் கடையில..."

"தம்பி!" என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "மேல இருக்கற அந்தக் கம்பெனி ஃபில்டர ஒண்ணு எடுங்க. அதையும் மூடி ஓட்டிப் பாத்துடலாம்."

மச்சான் வாயை மூடிக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு சொல் போதுமாயிருந்தது எனக்கு. அந்த அம்மாவை அப்போது நான் மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஏணியில் ஏறி, அட்டைப்பெட்டியை இறக்குவதற்கு முன் கடிதத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன். கூம்பைக் கழற்றிப் பழைய பெட்டியையே திரும்ப மாட்டினோம். உள்ளே இருந்த டாக்டரின் பழைய ஃபில்டர் மண் அப்பிக் கம்பளி மாதிரி கனத்திருந்தது. காற்று வரும் குழாயில் கைவிட்ட டைட் அண்ணன் ஒரு பிடி வைக்கோலை வெளியே இழுத்தார். ஏதோ எலி கூடு கட்டியிருக்கிறது. புது ஃபில்டரைப் போட்டு, பானட்டை மூடி, சூடேற்றி ஓட்டினேன்.

"நூத்தி முப்பது."

டாக்டருக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. "இது போதும். எங்க பக்கத்துத் தூசிக்கு அந்தக் கூம்பு ரெண்டு மாசத்துல இன்ஜினையே தின்னிருக்கும்" என்றவர், மச்சானைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "நாலு கடை ஏறி இறங்கியாச்சு. எல்லாரும் திறந்து வச்சுத்தான் நம்பர் காட்டினாங்க. மூடிக் காட்டினது நீங்க ஒருத்தர்தான். பண்ணைக்காரங்க சங்கத்துல முப்பது வண்டி இருக்கு. எல்லாரையும் இங்க அனுப்பறேன்."

மச்சானின் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கோபம் பாதி வழியில் நின்றது, யோசித்தது, திரும்பி வேறு வேஷம் கட்டிக்கொண்டு வந்தது.

"கேட்டீங்களா எல்லாரும்!" என்று பெஞ்சைப் பார்த்துக் கத்தினார். "இதுதான் என் மாப்பிள்ளை! மூடி ஓட்டறத அடுத்த வாரத்துல இருந்து ஆரம்பிக்கலாம்னு இருந்தோம். இவருக்குப் பொறுக்கல, இன்னைக்கே ஆரம்பிச்சிட்டார். சார், உங்க வண்டிய உள்ள விடுங்க, கூம்பக் கழட்டிட்டு மூடின பெட்டி போட்டுத் தர்றேன், எல்லாம் என் செலவு."

தாடிக்காரர் ஒரு நிமிஷம் முன்பு சண்டைக்கு எழுந்தவர், இப்போது வரிசையில் முதலில் நின்றார். "என் வண்டிக்கும் மூடி ஓட்டுங்க, நம்பர் மாப்பிள்ளை சொன்னாத்தான் நம்புவேன்." மற்ற இருவரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் சட்டைப்பையிலிருந்த கடிதம் எங்கள் இருவர் நெஞ்சுக்கும் நடுவில் சரசரவென்று கசங்கியது. எனக்கு மூச்சு முட்டியது.

"இனிமே இது நம்ம ரெண்டு பேர் கடை" என்றார் என் காதில். உண்மையாகவே சொன்னார், அதுதான் கொடுமை. பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "ஷட்டர் சாவி. தினமும் காலைல ஆறு மணிக்கு நீங்கதான் திறக்கணும். ராத்திரி நீங்கதான் பூட்டணும். நீங்க இல்லாம இங்க ஒரு நட்டு கழலக் கூடாது."

டக், டக் என்று படிக்கட்டில் சத்தம் கேட்டது. என் மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தாள். நூற்றிப் பத்தொன்பது என்று நான் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்கும், பின்னால் அண்ணன் கத்தியதைத் திட்டு என்று நினைத்திருப்பாள். அந்த வீட்டில் வளர்ந்தவள், இன்ஜின் சத்தம் மாறினாலே கீழே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவள் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்தது சத்தம் போடாத காரியம், அது அவளுக்குத் தெரிய வழியில்லை. வெளியூர் போகும் சேலை கட்டி, தலை வாரியிருந்தாள், பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு படியிலும் இடித்தது. அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது. கடைசிப் படியில் நின்றவள், அண்ணனின் கை என் தோள்மேல் இருப்பதைப் பார்த்தாள்.

"என்னம்மா பெட்டி? எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் மச்சான். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். டைட் அண்ணன் பார்த்தார். தாடிக்காரரும் டாக்டரும் பார்த்தார்கள். எல்லோரும், ஒரு வண்டி உருளையிலிருந்து இறங்கியதும் என் வாயைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. வேலை கிடைச்சிருக்கு மச்சான், திங்கக்கிழமை போறோம். ஐந்தே வார்த்தை. கண் கலங்கி நின்ற மனுஷன், ஒன்பது வயசுப் பெண்ணுக்கு ஜடை பின்னிய கை, அந்தக் கையின் சூடு இன்னும் சாவியில் இருந்தது.

"ஒண்ணுமில்ல மச்சான். பழைய துணி. யாருக்காவது குடுத்துடலாம்னு."

என் வாயிலிருந்து வந்த முதல் பொய் நம்பர் அது.

"அட, நல்ல காரியம்!" என்று மச்சான் பாய்ந்து போய் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். "டாக்டர், உங்க பண்ணைப் பக்கம் வேலை செய்யறவங்க நிறையப் பேர் இருப்பாங்களே, அவங்களுக்குக் குடுத்துடுங்க. டைட்டு, தூக்கி டாக்டர் வண்டில வை."

இருக்கிற நல்ல துணி மொத்தமும் அதில் இருந்தது. அவள் படிப்புச் சான்றிதழ்கள் இருந்தன. எங்கள் கல்யாணப் போட்டோ இருந்தது. டைட் அண்ணன் பெட்டியைத் தூக்க, டாக்டர் நடுவில் கைநீட்டி அதைத் தானே வாங்கினார். ஒரு கையால் தூக்கி, எடை பார்ப்பதுபோலச் சற்று ஆட்டினார். பிறகு என் மனைவியின் சேலையைப் பார்த்தார், வாரிய தலையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"பழைய துணி இவ்வளவு கனம் இருக்காதே" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாராம். "யாருக்கும் குடுக்க மாட்டேன். என் ரூம்லயே இருக்கும். வேணுங்கறப்ப வந்து வாங்கிக்கோம்மா."

வண்டி கிளம்பிப் போனது. திருப்பத்தில் கியர் மாற்றும்போது சத்தம் சுத்தமாக இருந்தது, எங்கேயும் இழுபறி இல்லை. எங்களுக்கு முன்னால் எங்கள் பெட்டி ஊரைவிட்டுப் போய்விட்டது.

சாயங்காலம் வரை பதினோரு வண்டி. பதினோரு தடவையும் பானட்டை மூடி ஓட்டினேன், உள்ள நம்பரையே சொன்னேன். மச்சான் வாசலில் புதுப் பலகைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு, "பூட்டிடுங்க மாப்பிள்ளை, எனக்கு இன்னைக்கு நிம்மதியா தூக்கம் வரும்" என்று மேலே போனார்.

ஷட்டரை இழுத்தேன். கனமாக இருந்தது. இத்தனை வருஷம் அவர் இழுப்பதைப் பார்த்திருக்கிறேனே தவிர, நான் தொட்டதில்லை. குனிந்து பூட்டிவிட்டு நிமிர்ந்தபோது என் மனைவி கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் அதே சேலைதான். மாற்றிக்கொள்ள அவளிடம் வேறென்ன இருந்தது?

"அவர் துரத்தல" என்றேன்.

"பாத்தேன்."

"துரத்தியிருப்பார். பாதி வார்த்தை வந்துடுச்சு. அந்த டாக்டரம்மா மட்டும் நடுவுல..."

"அண்ணன் கேட்டாருல்ல, எங்க கிளம்பிட்டீங்கன்னு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப் போயிருந்தாள். "உங்க வாயத்தான் பாத்துட்டிருந்தேன். நீங்க இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுவீங்கன்னுதான் அதுவரைக்கும் நான் வாயத் திறக்கல. நீங்க சொல்லியிருந்தா, துரத்தலைன்னாலும் நான் வந்திருப்பேங்க. அந்தப் படில நின்னப்பத்தான் அது எனக்கே தெரிஞ்சது."

உருளை மேடையின் இரும்பு இன்னும் சூடாக இருந்தது, ஆறும்போது டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

"சாவி இப்ப யார்கிட்ட?" என்று கேட்டாள்.

"என்கிட்டதான்."

"அப்ப இனிமே அண்ணன் பூட்டிட்டார்னு சொல்ல முடியாது."

எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினாள். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஷட்டரின் உள்பக்கம் நின்றிருந்தேன். நாளை ஞாயிறு, கடை கிடையாது. மறுநாள் திங்கட்கிழமை, ஒன்றாம் தேதி.